பாக்க வேண்டிய எடமும் பாக்கக் கூடாத சனமும்

ஆம்பூரிலிருந்து அண்ணன் மகள் அரையாண்டு லீவுக்கு வந்திருந்தாள். ப்ளஸ் டூ படிக்கிறாள். ஸ்டேஷனில் யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு மடிப்புத்தாளை வைத்திருந்தாள். வழவழப்பான காகிதம், கலர் போட்டோ, மேலே கொட்டை எழுத்தில் 'சென்னையில் பார்க்க வேண்டிய இடங்கள்'. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி ஒவ்வொன்றாகப் படிக்க, வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள் நடுவில் கேட்டாள்:

"ஏம்மே, நாம இருந்த எடம் அதுல கீதா?"

"இல்ல ஆயா."

"எப்டி இருக்கும்? அதத்தான் இல்லாம ஆக்கிட்டானுங்களே."

இந்தக் கட்டுரை எங்கம்மாவின் அந்த ஒரு கேள்வியிலிருந்து வருகிறது. தோழர்கள் இதில் கோட்பாடு தேட வேண்டாம். தேடினால் அங்கங்கே கொஞ்சம் கிடைக்கலாம், அது என் குற்றமல்ல.

நாங்கள் இருந்த இடம் கூவத்துக் கரை, சிந்தாதிரிப்பேட்டைக்கு இந்தாண்ட. நான் பிறந்தது அங்கே. குடிசையின் பின்கதவைத் திறந்தால் ஆறு, முன்கதவைத் திறந்தால் சந்து, சந்து முடிந்தால் ஊர். சென்ட்ரலில் இறங்கி ஆட்டோவில் போகிற வெளியூர்க்காரர்கள் பாலத்தின்மேல் வரும்போது கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சின்ன வயதில் அதை வேடிக்கை பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. எத்தனை பேர் பொத்துகிறார்கள் என்று பந்தயம் கட்டி எண்ணுவோம். அவர்கள் ஊரைப் பார்க்க வந்தவர்கள், நாங்கள் அவர்களைப் பார்த்தோம். அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. பாலத்துக்குக் கீழே இருப்பவனைப் பார்க்காமல் போவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். இந்த நாட்டில் அந்தப் பயிற்சி ரெண்டாயிரம் வருஷமாக நடக்கிறது.

ஊர் சுற்றிப் பார்ப்பது என்கிறார்களே, அதற்கு முதல் தேவை என்ன? காசா, கேமராவா? தெருவில் நடக்கிற உரிமை. நம் பாட்டன் பூட்டனுக்கு அது இருந்ததா? மடிப்புத்தாளில் முதல் இடமாகப் போட்டிருக்கிறது புனித ஜார்ஜ் கோட்டை. 1640-இல் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டத் தொடங்கியது, பீரங்கி, கொடிமரம், பழைய மாதாகோயில் என்று போட்டிருக்கிறான். சரி. அதே கோட்டைக்குள்தான் அன்றைய சென்னை மாகாண சட்டசபை கூடியது. 1924-இல் அங்கே எழுந்து நின்று, பொதுத்தெருவில், பொதுக்கிணற்றில், பொதுச் சாவடியில் தாழ்த்தப்பட்டவர்கள் புழங்குவதை யாரும் தடுக்கக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-லேயே 'பறையன்' என்று தன் பத்திரிகைக்குப் பெயர் வைத்த மனுஷன். தெருவில் நடக்கலாம் என்று சொல்லவே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அப்படி நடக்கக் கிடைத்தபிறகு வந்த சமாச்சாரம்தான் இந்தச் சுற்றுலா, மண்ணாங்கட்டி எல்லாம். கோட்டையைப் பார்க்க வேண்டிய இடம் என்று போட்டவனுக்கு, அதில் எதைப் பார்க்கவேண்டும் என்று தெரியவில்லை. பீரங்கியைப் பார்க்கச் சொல்கிறான். பீரங்கி எந்தக் கோட்டையில் இல்லை?

கம்பெனி ஆவணங்களில் 'பறச்சேரி' என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. கோட்டைக்கு மூட்டை சுமந்தவன், துரைமாருக்குச் சமைத்தவன், குதிரைக்குப் புல் வெட்டியவன் இருந்த இடம் அது. மெட்ராஸ் பட்டணத்தைப் பற்றி நாஸ்டால்ஜியா எழுதுகிறவர்களின் புத்தகங்களில் ஃபில்டர் காபி மணக்கும், மார்கழிக் கச்சேரி கேட்கும், அக்ரகாரத்துத் திண்ணை வரும், டிராம் வண்டி ஓடும். பறச்சேரி வராது. வந்தாலும் அடிக்குறிப்பில் வரும். ஒரு பட்டணத்தின் வயிற்றைக் கழுவினவன் அடிக்குறிப்பில் குந்தியிருக்கிறான்.

மெரினாவுக்கு வருவோம். அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சுண்டல், பஞ்சுமிட்டாய், குதிரை எல்லாம் முடிந்து உழைப்பாளர் சிலைக்குக் கீழே உட்கார்ந்தோம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தார்கள். நாலு பேர் கோவணத்தோடு பாறையைப் புரட்டுகிறார்கள். சிலைக்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் ஓவியக் கல்லூரியின் காவலாளி என்று சொல்வார்கள். நல்ல சிலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சித்தப்பா, இவங்க என்ன சாதி?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிட்டது. உழைப்பாளிக்குச் சாதி கிடையாது என்று நமக்குப் பாடம் எடுத்த தோழர்களிடம் அவள் இதைக் கேட்டிருந்தால் திட்டு வாங்கியிருப்பாள். 1921-இல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தில் புளியந்தோப்புச் சேரி எரிந்ததே, ஆதிதிராவிடத் தொழிலாளியும் சாதி இந்துத் தொழிலாளியும் எதிரெதிரே நின்றார்களே, அந்த நாலு பேரும் ஒரே பாறையையா புரட்டினார்கள்? புளியந்தோப்பு மடிப்புத்தாளில் இல்லை. இருக்கவும் இருக்காது.

மெரினாவின் அழகு இயற்கை தந்த வரம் என்று மேடையில் பேசுவார்கள். அதுவும் பொய். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் அங்கே இவ்வளவு மணல் கிடையாது. தெற்கேயிருந்து வடக்கே நகர்கிற மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. இந்தப்பக்கம் மணல் சேர்ந்து மெரினா ஆனது. அந்தப்பக்கம் மணல் வராமல் ராயபுரம், காசிமேட்டுக் கரையைக் கடல் தின்றது. 1884-இல் கிராண்ட் டஃப் என்கிற கவர்னர் ஓரமாக நடைபாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தார். தெற்கே துரைமார் காற்று வாங்கினார்கள், வடக்கே குப்பத்து வீடு கடலுக்குள் போனது. ஒருத்தனுக்குக் காட்சி கிடைத்தால் இன்னொருத்தனுக்கு வீடு போகும். இந்தக் கணக்கு அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை மாறவில்லை.

1985-இல் மெரினாவை அழகாக்குகிறேன் என்று கட்டுமரத்தையும் வலையையும் அள்ளப் போனார்கள். மீனவர் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு, சாவு. கட்டுமரம் அசிங்கமாம். அப்புறம் அதே கட்டுமரத்தைச் சின்னதாகச் செய்து கைவினைப் பொருள் கடையில் விற்றார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கில் கூடினார்கள். உலகமே பார்க்கிற காட்சியாக இருந்தது மெரினா. 23-ஆம் தேதி போலீஸ் அடி விழுந்தது எங்கே? கூடினவனில் பெரும்பாலோர் தப்பி ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். ஓடிவந்த பிள்ளைகளுக்குத் தண்ணி கொடுத்து உள்ளே சேர்த்துக்கொண்ட நடுக்குப்பமும் மீனாம்பாள்புரமும் அடி வாங்கியது. நடுக்குப்பத்து மீன் மார்க்கெட் எரிந்தது. மாட்டை அடக்குகிற வீரத்தில் சேரிக்குப் பங்கில்லை, அடி வாங்குகிறதில் மட்டும் முழுப்பங்கு. (மீனவர் தலித் இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லைதான். குப்பத்துக்கும் சேரிக்கும் நடுவில் சாதி இருக்கிறது, சண்டையும் இருக்கிறது. தீ வைத்தவன் மட்டும் அந்த வித்தியாசம் பார்க்கவில்லை.)

மியூசியம் எனக்குப் பிடித்த இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எழும்பூரில் இருக்கிறது, 1851-இல் தொடங்கினது. அமராவதி ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன, நாகப்பட்டினத்துப் புத்தர்கள் இருக்கிறார்கள். ஊர் ஊராகப் புத்தரை எடுத்துவிட்டு வேறு சாமியை வைத்த நாட்டில், புத்தர் கடைசியில் ஒண்டிக்கொண்டது மியூசியத்தில். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய்வந்து பௌத்தம் பேசினார். 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். நாமெல்லாம் பூர்வ பௌத்தர் என்று சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் ஆராய்ச்சியில் நிற்குமா நிற்காதா என்று நம் பேராசிரியர்கள் பல்லாங்குழி ஆடட்டும். அண்ணன் மகள் அந்தப் புத்தர் முன்னால் பத்து நிமிஷம் பேசாமல் நின்றாள். "நம்மாளா சித்தப்பா?" என்றாள். "நம்மாளுதான்" என்றேன். கண்ணாடிக்குள்ளே இருக்கிறவரிடம் சாட்சி கேட்கவா முடியும்?

அடையாறு ஆலமரம் அந்தத் தாளில் இருக்கிறது. அதே ஆல்காட் 1894-இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய இலவசப் பள்ளிக்கூடம் இல்லை. மரத்தின் தாய்த்தண்டு 1989 புயலிலேயே சாய்ந்துவிட்டது. சாய்ந்த மரத்துக்கு இருக்கிற மரியாதை, எங்கள் பிள்ளைகள் எழுத்துக் கற்ற கூடத்துக்கு இல்லை.

வள்ளுவர் கோட்டம் இன்னும் வேடிக்கை. 1976-இல் திறந்தது. திருவாரூர்த் தேர் மாதிரி கல்லால் ஒரு தேர், 39 மீட்டர் உயரம், 1330 குறளும் கல்வெட்டில். வள்ளுவனுக்கு ஏன் தேர்? சாமியா அவன்? தேர் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கண்டதேவியில் வடம் தொட வருஷக்கணக்காக வழக்கு நடந்தது ஞாபகம் வரும். கோடம்பாக்கத்துக்குப் பக்கத்தில் கல்லில் செய்துவிட்டார்கள், நல்லதாப்போச்சு. இழுக்க வேண்டாம், சேரிக்குள் வருமா வராதா என்ற சண்டை வேண்டாம். அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன், துரை வீட்டில் பட்லராக இருந்தவர், தன் வீட்டில் இருந்த திருக்குறள் ஏட்டை ஹாரிங்டன் துரை மூலமாக எல்லிஸ் துரைக்குக் கொடுத்தார் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். ஏடு யார் வீட்டுப் பரணில் இருந்தது என்று யோசித்துப்பாருங்கள். அந்தக் கந்தப்பன் பேரை அந்தக் கோட்டத்தில் நான் பார்த்ததில்லை.

மயிலாப்பூர், சாந்தோம், வடபழனி எல்லாம் சுற்றினோம். சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. கபாலி கோயிலுக்குள் போனபோது பெண் செருப்பை எங்கே விடுவது என்று கேட்டாள், நான் சட்டத்தை எங்கே விடுவது என்று யோசித்தேன். 1947 ஆலயப் பிரவேசச் சட்டம் வாசலைத் திறந்தது. கருவறைக்கு முன்னால் இருக்கிற படி இன்னும் படியாகத்தான் இருக்கிறது.

ரிப்பன் மாளிகையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1913-இல் கட்டி முடித்த வெள்ளைக் கட்டடம். இரவில் கலர் லைட் போடுகிறார்கள், எதிரே நின்று செல்பி எடுக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அதன் வாசல் நடைபாதையில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் சனம். நானும் ரெண்டு நாள் போய் உட்கார்ந்தேன். ஒரு அம்மா சொன்னாள்: "வெள்ளத்துல நாங்கதான் அள்ளுனோம், கொரோனாவுல நாங்கதான் அள்ளுனோம். அப்போ கால்ல பூ போட்டானுங்க. இப்போ கால் வைக்க எடம் கேட்டா போலீசு வருது." பதின்மூன்று நாள். 13-ஆம் தேதி நள்ளிரவில் நூற்றுக்கணக்கானவர்களை இழுத்து பஸ்ஸில் ஏற்றினார்கள். கோர்ட்டு உத்தரவு, நடைபாதையை மறிக்கக்கூடாதாம். அந்த நடைபாதையை தினமும் கூட்டினவள் அதில் உட்கார்ந்தால் மறியல்.

அதற்கு ஒன்பதாம் நாள் ஆகஸ்ட் 22. மெட்ராஸ் டே. 2004-லிருந்து கொண்டாடுகிறார்கள். பாரம்பரிய நடை, போட்டோ கண்காட்சி, பழைய மெட்ராஸ் சாப்பாடு. தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில், காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி ஜார்ஜ் டவுன் சந்துகளைச் சுற்றிப் பார்க்கிறார்கள். ஆறு மணிக்கு அந்தச் சந்து சுத்தமாக இருக்கிறதே, நாலு மணிக்கு அங்கே யார் இருந்தது? கேட்டால், நல்ல விஷயத்துக்குள்ள ஏன் சார் சாதியைக் கொண்டு வர்றீங்க என்பார்கள். நான் எங்கே கொண்டுவந்தேன்? அது அங்கேதான் நாலு மணியிலிருந்து துடைப்பத்தோடு நின்றுகொண்டிருக்கிறது.

உடனே ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். அம்பேத்கருக்கு மணிமண்டபம் இருக்கிறதே, இரட்டைமலையாருக்கு கிண்டியில் இருக்கிறதே, 2023-இல் அயோத்திதாசருக்கும் திறந்தார்களே? இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காகப் போராடினவர்களுக்கு வணக்கம். ஆனால் செத்தவருக்கு மண்டபம் கட்டுகிற கையே உயிரோடு இருக்கிறவனின் வீட்டை இடிக்கிறதே, அதைப் பேசலாமா? சென்ட்ரலுக்குப் பக்கத்தில், கூவத்தோரம், சத்தியவாணிமுத்து நகர் என்று ஒரு இடம் இருந்தது. நம் சனத்திலிருந்து மந்திரியான அம்மா பேர். 2019 கடைசியிலும் 2020-லும் அதைப் பிரித்தெடுத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2022 மே மாசம் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகரை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்தார். அந்தக் கால்வாயின் பட்டணத்துப் பகுதி 1877-78 பஞ்சத்தில், கஞ்சிக்கு வந்த கூலிகளை வைத்து வெட்டினது. வெட்டினவன் பேரப்பிள்ளை கரையில் இருந்தால் ஆக்கிரமிப்பு. அதே கூவத்தின் கரையில் பெரிய பெரிய கட்டடங்கள் நிற்கின்றனவே, அதற்குப் பேர் வளர்ச்சி. சிங்காரச் சென்னை! சிங்காரிக்கும்போது எதை முதலில் துடைப்பார்கள்? அழுக்கை. நாம்தான் அந்த அழுக்கு.

எங்களை 2002-இல் லாரியில் ஏற்றினார்கள். பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்தது, என் தம்பி அந்த வருஷம் எழுதவே இல்லை, அப்புறமும் எழுதவில்லை. இறக்கின இடம் துரைப்பாக்கத்துக்குப் பக்கம், கண்ணகி நகர். ஒரே ரூம், ஒரு மூலையில் அடுப்பு. அம்மா சிந்தாதிரிப்பேட்டையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். நடந்தே போய் நடந்தே வந்தவளுக்கு அப்புறம் போக வர நாலு மணி நேரம் பஸ். மூன்று வீடு ஆறு மாசத்தில் போயிற்று.

அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டில் என்ன பேச்சு ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? கண்ணகி சிலை. 2001 டிசம்பரில் மெரினாவில் இருந்த கண்ணகி சிலையை எடுத்துவிட்டார்கள். கவிஞர்கள் கண்ணீர் விட்டார்கள், கூட்டம், கண்டனம், தமிழ் மானம், கற்பின் மானம். சிலையை மியூசியத்தில் பத்திரமாக வைத்திருந்து, 2006-இல் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சந்தோஷம். அதே வருஷங்களில் ஆயிரமாயிரம் உயிருள்ள கண்ணகிகளைக் கூவத்திலிருந்தும் அடையாற்றிலிருந்தும் பிய்த்துக்கொண்டுபோய் அவள் பேரிலேயே ஒரு நகரில் கொட்டினார்களே, எந்தக் கவிஞன் அழுதான்? சிலைக்குத் திரும்பிவர அஞ்சு வருஷம் ஆனது. எங்களுக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அப்புறம்தான் உச்சம். 2020-இல் கண்ணகி நகர் சுவர்களில் ஓவியம் வரைந்தார்கள். வெளிநாட்டிலிருந்தும் ஓவியர்கள் வந்தார்கள். மூன்று மாடி உயரத்துக்கு முகங்கள், பறவைகள், பூக்கள். கலை வட்டாரம் என்று பேர் வைத்தார்கள். பொய் சொல்லக்கூடாது, சித்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. அந்தப் பேர் வருவதற்கு முன்னால் கண்ணகி நகர் என்றால் திருடன், கஞ்சா, கொலை என்றுதான் பேப்பரில் வரும். வேலைக்கு மனு போடுகிற பையன் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதுவான், நகர் பேரை எழுதமாட்டான். சுவருக்குப் பெயிண்ட் அடித்தபிறகும் அவன் அதை எழுதுவதில்லை. 2025-இல் கண்ணகி நகர் கார்த்திகா ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வாங்கிவந்தபோதுதான் சில பையன்கள் முதல்முறையாக ஊர் பேரைச் சத்தமாகச் சொன்னதைக் கேட்டேன். அதைச் செய்தது பெயிண்ட் அல்ல, ஒரு பெண்ணின் முழங்கால்.

அம்மா கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணன் மகள் ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, தாளைப் பையில் மடித்து வைக்கும்போது பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "ஆயா, ஆயா! நம்ம வூடு கீது!" பார்க்க வேண்டிய இடங்களில் கடைசி, சுவரோவியங்கள், கண்ணகி நகர். இருந்த இடம் இல்லை, தள்ளின இடம் இருக்கிறது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெயில் தாழ ஒரு கூட்டம் வந்தது, காலேஜ் பிள்ளைகள் மாதிரி, நல்ல கேமரா. எங்கள் பிளாக் சுவரில் ஒரு பெரிய பெண் முகம் இருக்கிறது, அதைப் படம் பிடிக்க வந்தவர்கள். அம்மா அந்தச் சுவருக்குக் கீழே லாரித் தண்ணிக்குக் குடம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கேமரா வைத்திருந்த பையன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"பாட்டி, கொஞ்சம் நகந்துக்கிறீங்களா? படத்துல விழறீங்க."

எங்கம்மா அண்ணாந்து சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள்.

"ஒரு தபா நகந்தாச்சு நைனா" என்றாள். "நீ வேற எடத்துல நின்னு புடிச்சுக்கோ."